அப்பாவின் சனிக்கிழமை விரதம்

அப்பா சாமி கும்பிட்டு நான் பார்த்ததில்லை. நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் பூஜை அலமாரி அம்மாவின் பொறுப்பு, புல் வெட்டுவது அப்பாவின் பொறுப்பு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை. அப்படிப்பட்டவர், எனக்கு எட்டு வயதான அந்த இலையுதிர்காலத்தில், சனிக்கிழமை காலைகளில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

காப்பி கூடக் கிடையாது. அம்மா தோசை வார்த்து வைத்தால் "அப்புறம்" என்பார். மதியம் நெருங்கும்போது குளித்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு பின்தோட்டத்துக்குப் போவார். கையில் சின்ன ஷார்ட்வேவ் ரேடியோ, ஒரு காதில் இயர்போன். மேப்பிள் மரத்தடியில் கிழக்கே பார்த்து நிற்பார். கொஞ்ச நேரத்தில் அவர் உதடுகள் அசையத் தொடங்கும். அம்மாவும் நானும் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்போம். கேட்டால் நியூஸ் என்பார். அதை ஏன் உள்ளே கேட்கக்கூடாது என்றால், ஃப்ரிட்ஜ் ஓடுவதால் ரேடியோ இரைகிறது என்பார். அம்மா நம்பவில்லை. அம்மா நம்பாததை நான் நம்புவதாவது.

சந்தேகப்படக் காரணம் இருந்தது. அந்த வருடம் அப்பாவின் கம்பெனியில் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த தெரு அங்கிள் ஒரு வெள்ளிக்கிழமை மேஜையில் இருந்ததையெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு வீடு திரும்பினார். அடுத்த மாதமே குடும்பத்தோடு டெக்சாஸுக்குப் போய்விட்டார். அவருடைய மகள்தான் என் ஒரே சிநேகிதி. எங்களுக்கோ கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. வேலை போனால் டெக்சாஸ் கூட இல்லை, நேரே மெட்ராஸ்தான் என்று அம்மா ஒருமுறை சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பாவின் கார் வந்து நின்றால், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன்.

அம்மா பிரிட்ஜ்வாட்டரில் இருந்த ஆன்ட்டிக்கு ஃபோன் செய்தாள். எங்கள் வட்டாரத்தில் பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மாடியில் இருந்த இன்னொரு ஃபோனை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு நானும் கேட்டேன்.

"சாப்பிடாம, குளிச்சிட்டு, கிழக்கு பாத்து நின்னு ஏதோ முணுமுணுக்கறார் அக்கா. என்னன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டேங்கறார்."

ஆன்ட்டி நட்சத்திரம் கேட்டார். பக்கம் புரளும் சத்தம் வந்தது.

"ஏழரைச் சனி. சரியாத்தான் இருக்கு. ஆம்பிளைங்க பயந்தாத்தான் விரதம் இருப்பாங்க. ஆஃபீஸ்ல ஏதோ நடக்குது, உன்கிட்ட மறைக்கறார். நோண்டி நோண்டிக் கேக்காத. நீ பாட்டுக்கு எள் விளக்கு ஏத்து."

சனீஸ்வரனுக்கான எள் விளக்கை வீட்டுக்குள் ஏற்றக்கூடாது. பக்கத்தில் கோயிலும் இல்லை. கராஜ் வீட்டில் சேர்த்தியா இல்லையா என்று இருவரும் வெகுநேரம் ஆலோசித்தார்கள். கடைசியில் ஆன்ட்டி, "கார வெளிய எடுத்து விட்டுட்டு ஏத்து. அப்ப அது வீடில்ல" என்று தீர்ப்புச் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை அப்படியே நடந்தது. கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து, நல்லெண்ணெய் ஊற்றி, புல் வெட்டும் மெஷினுக்கும் பனி உருகத் தூவும் உப்பு மூட்டைக்கும் நடுவில் அம்மா விளக்கேற்றினாள். அன்று தோட்டத்திலிருந்து கராஜ் வழியாகத் திரும்பிய அப்பா, விளக்கின் முன் சற்று நின்றார். என்ன ஏது என்று கேட்கவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமை, யாரும் சொல்லாமலேயே காலையில் காரை வெளியே எடுத்து நிறுத்தியிருந்தார்.

"பாத்தியா" என்றாள் அம்மா என்னிடம். அவளுக்கு எல்லாம் உறுதியாகிவிட்டது.

குளிர்காலம் முழுவதும் இப்படியே போனது. பனி பெய்தாலும் மரத்தடியில் நின்றார். சில நாள் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து நாலைந்து தோசை சாப்பிட்டார். ஜனவரியில் ஒரு நாள் மட்டும் போன வேகத்தில் திரும்பி வந்து, அடுப்பங்கரையில் குழம்பிப்போய் நின்றார். சாப்பிடலாமா என்று அம்மா கேட்டதற்கு "தெரியல" என்றார். தனக்குப் பசிக்கிறதா என்பது கூடத் தெரியாத மனிதரை அன்று முழுவதும் அறை அறையாகப் பின்தொடர்ந்தேன். இன்று என் மகள் கதவுக்குப் பின்னால் சத்தமில்லாமல் இருந்தால் ஓடிப்போய்ப் பார்க்கிறேனே, அந்த வழக்கம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். அல்லது நான் பிறவியிலேயே அப்படியோ என்னவோ.

வசந்தம் வந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சனிக்கிழமை பூனைபோல் அப்பாவின் பின்னால் போய் இயர்போன் வயரைப் பிடுங்கினேன். ரேடியோவிலிருந்து ஓர் ஆணின் நிதானமான குரல் வெளியே வந்தது. ஓர் ஊர்ப்பெயர், ஓர் எண். இன்னோர் ஊர்ப்பெயர், இன்னோர் எண். அப்பா திட்டவில்லை. பேசாதே என்று கையை மட்டும் உயர்த்தினார். டிவியில் ஒற்றர்கள் இப்படித்தான் தகவல் வாங்குவார்கள். நான் உள்ளே ஓடி, அப்பா ஸ்பை என்று ஆங்கிலத்தில் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா வீட்டுச் செருப்போடு சேற்றில் இறங்கி வந்து ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டாள். புரிந்துகொள்ள அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஃபுட்பாலா?"

அப்பா தலையாட்டினார். கல்யாணத்துக்கு முன் ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊரில் இரண்டு வருடம் படித்தவர் அவர். அந்த ஊர் அணி இரண்டாம் நிலை லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. அந்த வருடம்தான் முதல் தடவையாக மேல் லீக்குக்கு ஏறும் நிலைக்கு வந்திருந்தது. அக்டோபரில் ஒரு நாள் காலை சாப்பிட மறந்தாராம், அன்று ஜெயித்தார்களாம். பிறகு மறக்காமல் பட்டினி. ஜனவரியில் அங்கே பனி பெய்து ஆட்டம் தள்ளிப்போனபோது சாப்பிடுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றிருக்கிறார். உதடு அசைந்தது, ஆட்ட முடிவுகளை வாசிக்கும்போது அணிகளின் ஊர்ப்பெயர்களையும் கோல்களையும் கூடவே சொன்னதால்; கிழக்கே பார்த்தது, ஸ்காட்லாந்து அந்தப் பக்கம் என்பதால்.

"உங்களுக்கு வேலை போயிடும்னு நான் வின்டர் பூரா எள் முடிஞ்சு ஏத்திட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?"

அப்பா ரேடியோவின் ஏரியலை மெதுவாக உள்ளே தள்ளினார்.

"நீ ஏத்த ஆரம்பிச்சப்புறம் அவங்க தோக்கவே இல்ல" என்றார். "சொன்னா நிறுத்திடுவியோன்னு..."

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அந்த ஊரைப் பத்தியே நீங்க எங்கிட்ட பேசினதில்ல."

"என்ன பேசறது? ரெண்டு வருஷம் யாரும் எங்கூடப் பேசல. சனிக்கிழமை அந்த கிரவுண்ட்ல மட்டும் பக்கத்துல நிக்கறவன் பேசுவான். கோல் போட்டா கட்டிப் பிடிச்சுப்பான். அவ்வளவுதான்."

அந்த வாரம் அம்மா தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமைதான் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேல் லீக். அப்பா வழக்கம்போல் சாப்பிடவில்லை, காரை வெளியே எடுத்து நிறுத்தினார். கராஜில் விளக்கு இல்லை. அம்மாவிடம் கேட்கலாமா என்று சமையலறை வரை வந்தவர், கேட்காமல் தோட்டத்துக்குப் போனார்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவைக் காணவில்லை. எனக்கு மறுபடியும் பயம் பிடித்துக்கொண்டது. மாடி, பேஸ்மென்ட் என்று தேடிவிட்டு, வாசற்கதவைத் திறந்தேன். நாங்கள் எல்லோரும் கராஜ் வழியாகவே போய்வருகிறவர்கள், அந்தக் கதவைத் திறப்பதே அபூர்வம். அம்மா வெளிப்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே எள் விளக்கு. மே மாதக் காற்றில் அணையாமலிருக்க இரண்டு கைகளாலும் சுடரை மறைத்துக்கொண்டிருந்தாள்.

"கதவச் சாத்து" என்றாள். "அப்பாகிட்ட சொல்லாத."

அப்பா வெகுநேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றாமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா தோசைக்கல்லைக் காய வைத்திருந்தாள்.

"கடைசி நிமிஷத்துல ஒரு கோல். தோத்துட்டாங்க" என்றார். பிறகு, பாதி விளையாட்டாக, "நீ இன்னிக்கு ஏத்தலல்ல, அதான்."

நான் அம்மாவைப் பார்த்தேன். வாயைத் திறக்கப் போனேன். அம்மா திரும்பி ஒரே ஒரு பார்வை பார்த்தாள்.

"ஆமா" என்றாள் அப்பாவிடம். "கோவத்துல விட்டுட்டேன். அடுத்த வருஷம் ஏத்தறேன்."

அப்பா முகம் சற்றுத் தெளிந்தது. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மா பொய் சொல்கிறாள் என்பது எனக்குத் தெரிந்தது. தோற்றதற்கான பழியை ஏன் வலியப் போய் வாங்கிக்கொள்கிறாள் என்பதுதான் தெரியவில்லை. இவர்கள் இருவரும் சேர்ந்து என்னிடம் இன்னும் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைத்தபடி, என் தோசைக்காகக் காத்திருந்தேன்.