சமையல் புத்தகங்களுக்குப் பின்னால்

விசிட்டர் விசாவில் வந்தவர்கள் நூலக அட்டை கேட்டால் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்களாம். கீழ்வீட்டுக்காரரிடம் அவர் மச்சான் சொன்னது. பிழைக்க வந்த எங்களுக்கு வதந்திதான் சட்டம். மகளோடு கொஞ்ச நாள் இருக்க வந்த என் பெரியப்பா, ஓய்வுபெற்ற லேத் மெஷின்காரர், அதை அப்படியே நம்பிவிட்டார். மகளிடம்கூடக் கேட்கவில்லை, அவளுக்கு எதற்கு வம்பு? முதுகு வலிக்க வலிக்க நூலகத்திலேயே உட்கார்ந்து ஒரு தடித்த கடற்பயண நாவலைப் படித்தார். வேறு யாரும் எடுத்துப்போகாதபடி, கிளம்பும்போது அதைச் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் செருகிவிடுவார்.

ஊர் திரும்பும் வாரம் கையும் களவுமாக மாட்டினார்.

"ஐயா, இதைக் காணோம்னு நாங்க தேடாத இடமில்ல! கேட்டிருந்தா வீட்டுக்கே குடுத்திருப்போமே," என்றாள் நூலகத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்.

"நான் வெளியூர்மா. பாஸ்போர்ட்ட..."

"அத வச்சு நாங்க எந்த விமானத்துல ஏறப்போறோம்? நீங்க தங்கியிருக்கிற வீட்டுக்காரங்க போன்ல சரின்னு சொன்னாப் போதும்."

பெரியப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இத்தன நாளும் வீட்டுல படுத்துக்கிட்டே படிச்சிருக்கலாம்," என்று முனகினார். கடைசி அத்தியாயங்கள் பாக்கி. நாளையிலிருந்து நூலகம் விடுமுறை. திறக்கும்போது அவர் ஊரில் இருப்பார். அவள் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்கினாள். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டார். வேலையில் இருந்தாளோ என்னவோ, மணி அடித்துக்கொண்டே இருந்தது.