தவிட்டுக்கு விற்ற பிள்ளையின் தகப்பன் பெயர்

எங்கள் அண்ணனுக்குக் காகிதத்தில் தகப்பன் வேறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டதும் ஆட்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அசிங்கமாக ஒன்றுமில்லை. அம்மாவுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தொட்டிலிலேயே போய்விட்டன. மூன்றாவதாக அண்ணன் பிறந்ததும், இலஞ்சியில் எங்கள் தெருவிலேயே ஆறு பெற்று ஆறையும் வளர்த்த ஒருத்திக்கு அவனை ஒரு உழக்குத் தவிட்டுக்கு விற்றுவிட்டார்கள். குழந்தையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். வாங்குகிறவள் தவிட்டைக் கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொள்வாள். பிறகு, வளர்த்துக் கொடு என்று பெற்றவளிடமே கொடுப்பாள். எமன் அந்த வீட்டுப் பிள்ளையைத் தேடி வந்தால் ஏமாந்து திரும்ப வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

அண்ணன் எங்கள் வீட்டில்தான் தின்றான், தூங்கினான். ஆனால் அம்மாவைச் 'சித்தி' என்பான். தவிடு கொடுத்தவள்தான் அவனுக்கு 'அம்மா'. அவன் நிலைத்துவிட்டதால் அடுத்துப் பிறந்த என்னை யாரும் விற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கவும் தவிடு கொடுத்த அத்தைதான் அவனைக் கூட்டிப்போனாள். வாத்தியார் தகப்பன் பெயரைக் கேட்டதும், புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று தன் மூத்த மகனை விட்டுச் சொல்ல வைத்தாள். எங்கள் அப்பா பள்ளிக்கூடத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

எழுபதுகளின் நடுவில் அண்ணனுக்குச் சிற்றாற்றில் மடை திறந்து அடைக்கிற லஸ்கர் வேலை கிடைத்தது. பள்ளிச் சான்றிதழில் இருந்த பெயர் அப்படியே அவனுடைய பணிப்பதிவேட்டுக்கும் ஏறியது. இரண்டு வருஷம் கழித்து நான் தென்காசியில் வேறொரு ஆபீசில் குமாஸ்தா ஆனேன். ரூல் தெரிந்தவன் என்கிற கொழுப்பும் கூடவே வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

அப்பா இறந்த மறுவருஷம் அண்ணன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்தான். தனக்குப் பின் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற படிவம். அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை.

"அம்மா பேரப் போட முடியாதுலா. புக்குல ஒனக்குத் தாப்பன் வேற ஆளு. இவ யாருன்னு கேப்பான். மொதல்ல புக்குல தாப்பன் பேரத் திருத்தணும்," என்றேன்.

"அதுக்கு இப்ப என்னல அவசரம்?"

"நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா இவளுக்குச் சல்லிக்காசு வராது, பாத்துக்கோ."

அடுப்படியில் இருந்த அம்மா கையிலிருந்த அகப்பையோடு வந்தாள். "ஏலே, ஒன் கரிநாக்க வச்சுக்கிட்டுச் சும்மா கெட. வாயில வசம்பத்தான் தேய்க்கணும் ஒனக்கு."

அம்மா திருத்தவே கூடாது என்று சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னைப் போட்டு அறுக்கிறது. "கல்யாணத்துக்கு மொத நாளு, கோயில்ல வச்சு, அவ கையில தவிட்டத் திருப்பிக் குடுத்து முறையாக் கூட்டிக்கிடணும். அதுக்கப்புறம் நீ எதுல வேணா எழுதிக்கோ. அதுவரைக்கும் பொறு," என்றாள். நான் பொறுக்கவில்லை. பெயர் திருத்தச் சான்று தர வேண்டியவர் தாசில்தார், அப்போதிருந்தவர் நல்ல மனுஷர், மாற்றல் ஆகிவிட்டால் அடுத்து வருகிறவன் எப்படியிருப்பானோ என்று அரித்தெடுத்தேன். தவிடாவது உமியாவது என்று கூடச் சொன்னேன். பத்து நாள் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் இதே பேச்சு. கடைசியில் அண்ணனே, "சரி சித்தி, அவன் சொல்லுதபடியே செஞ்சிருவோம், தொல்ல விடும்," என்றான்.

சாட்சிக்குத் தெருவில் இரண்டு பேர், முத்திரைத்தாள், எல்லாம் என் ஏற்பாடு. பங்குனி வெயிலில் தாசில்தார் முன்னால் நின்றோம். அவர் அண்ணனைக் காட்டி, "இவர் யாரும்மா உங்களுக்கு?" என்று கேட்டார். மறுபடி கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான், "சொல்லும்மா, சார் எவ்வளவு நேரம் காத்திருப்பாக," என்று அதட்டினேன். தாசில்தார் ஆபீசில் வைத்துப் பெற்ற தாயை அதட்டினேன்.

"நான் பெத்த பிள்ள," என்றாள் அம்மா. சத்தமே வரவில்லை. அவர் எழுதிக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அண்ணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். சும்மா விளையாட்டாகத்தான், "அம்மா," என்று ஒரு தடவை கூப்பிட்டான். அவள் சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். பொத்தின கையை எடுக்கவே இல்லை. இலஞ்சி விலக்கில் இறங்குகிற வரைக்கும் அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

இரண்டு மாதத்தில் அவன் பணிப்பதிவேட்டில் பழைய பெயரைச் சிவப்பு மையால் அடித்து, எங்கள் அப்பா பெயரை எழுதி, பக்கத்தில் அதிகாரி கையெழுத்துப் போட்டார். படிவத்திலும் அம்மா பெயர் ஏறியது. எனக்கு ஒரே பெருமை.

ஐப்பசியில் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. குற்றாலத்தில் ஆறு நிறைந்து போகிற நேரம், லீவு போடாமல் நனைந்துகொண்டே மடைக்குப் போய்க்கொண்டிருந்தான். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தோம். கேட்கவில்லை. தென்காசி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாக, ஆளே அடையாளம் தெரியவில்லை. அம்மா வார்டுக்குள் வரவே மாட்டேன் என்றாள். கட்டில் பக்கத்தில் தவிடு கொடுத்த அத்தையை உட்கார வைத்தாள். தான் வராந்தாவில் தூணோரம் இருந்துகொண்டாள். நர்ஸ் வந்து, "நீங்கதான் அம்மாவா?" என்று கேட்டதற்கு, "நான் பக்கத்து வீடு. அவன் அம்மை உள்ள இருக்கா," என்றாள். ஒன்பது நாள் அப்படியே இருந்தாள். அவன் உயிர் போனபோதும் வராந்தாவில்தான் இருந்தாள். அத்தை உள்ளே ஓவென்று அலறினதைக் கேட்டுத்தான் எழுந்தாள்.

காமாலையில் ஆயிரம் பேர் சாகிறார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

பணத்துக்குக் கைநாட்டு வைக்க அம்மாவை அவன் ஆபீசுக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்த கிளார்க் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லவேள சார், முன்கூட்டியே திருத்தி வச்சிய. இல்லேன்னா நாயா அலையணும்," என்றார். அம்மா எட்டி அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். "இதப் பழையபடி எழுத முடியாதாய்யா?" என்று கேட்டாள். கிளார்க் என்னைப் பார்த்தார். நான் அவள் விரலைப் பிடித்து மையில் வைத்தேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில் தவிடு கொடுத்த அத்தை புறவாசல் வழியாக அழுதுகொண்டே வந்தாள். கையில் உழக்கு நிறையத் தவிடு. அம்மா என்னைக் கூப்பிட்டுக் குப்பைக்குழி ஓரத்தில் நிற்க வைத்தாள். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, ஆபீசுக்குக் கிளம்பி வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். தவிடு கைமாறியது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே என்னையச் சித்தின்னு கூப்பிடணும்," என்றாள் அம்மா. "எங்க, கூப்பிடு."

கூப்பிட்டேன்.

"ஒன் புக்குலயும் தாப்பன் பேர மாத்திருலே. சீக்கிரம் மாத்திரு."

ஒரு வாரம் கழித்து மறக்காமல் கேட்டாள். என் புக்கில் அப்பா பெயர் அப்படியேதான் இருந்தது. "மாத்திட்டேன் சித்தி," என்றேன்.