விசிலுக்குக் காத்திருந்த வரிசை

அப்பா பெயர் கெடுமே என்று இத்தனை வருஷம் இதை எழுதத் தயங்கினேன். நேற்று எங்கள் ஊர் ஜெலுத்தோங்கில் மழைக்கு முந்திய புல்வாசனை வந்தது. முருகா என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அப்பா தலை நரைக்கும்வரை காலேஜ் கால்பந்துக் குழுவின் தடுப்பாட்டக்காரர்களுக்குக் கோச். அவர் விசில் ஊதாமல் அவர்கள் வரிசை கலையக்கூடாது.

எழுபதுகளில் ஒருநாள், அம்மாவும் நானும் மைதானத்துக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது, வானம் கறுத்து இடித்தது. மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். தடுப்பாட்டக்காரர்கள் நால்வர் மட்டும் வரிசையிலிருந்து அசையவில்லை.

"ஊதுங்களேன்! பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது?" அம்மா கத்தினார்.

"மழைதான்லா. இதுக்கு ஓடுறவன் பந்தைப் பார்த்தும் ஓடுவான்," அப்பா சிரித்தார்.

மின்னல் இறங்கியது. ஓரத்தில் நின்ற செல்வம் அண்ணன் விழுந்தார், எழவேயில்லை. மற்ற மூவரும் அப்போதும் விசிலுக்காக அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யாருக்குச் சொன்னாலும் இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்.