கரையேறாத நீரெலி

பல வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு நான் மலைக்குத் திரும்பிய அன்று சஹூலி அக்கா ஆற்றுக்குள் நின்றிருந்தாள். பனி இன்னும் தண்ணீரை விட்டு எழவில்லை. சால்வை போர்த்திய ஒருத்தி, இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாமல் மிதப்பதுபோலத் தெரிந்தது.

அவள் என் பெரியம்மா மகள். தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் உடலமைப்பை ஆராய்கிறாள். எங்கள் மடகாஸ்கர் தீவுக்கு என்றோ கடலில் மிதந்து வந்த ஒரு சிறு உயிரின் பிள்ளைகள்தான் அவளுடைய உலகம். ஒருவன் முதுகில் முள் வளர்த்துக்கொண்டான். ஒருவன் மண்ணுக்குள் போய்க் கண்ணைச் சிறிதாக்கிக்கொண்டான். ஒருவன் மரமேறி வாலை நீட்டிக்கொண்டான். இன்னொருவன் ஆற்றில் இறங்கிவிட்டான். ஊரில் அவனை நீரெலி என்பார்கள். அது எலியே இல்லை, யானைக்குத் தூரத்துச் சொந்தம் என்று அக்கா சொல்லும்போதெல்லாம் ஆற்றில் கூடைப்பறி வைத்து இறால் பிடிக்கும் ரலம்பு மாமா, "அப்ப யானை ஏன் என் பறியில விழ மாட்டேங்குது?" என்பார்.

ஆறு அந்த உடம்பை எந்த உறுப்பிலிருந்து மாற்றத் தொடங்கியது என்பது அக்கா தூக்கத்திலும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. அதற்கு ஒரு நீரெலியின் எலும்புகள் வேண்டும். மேல்காட்டை வெட்டி ஆறு கலங்கிய பிறகு யாரும் அதைப் பார்க்கவில்லை. எங்கள் ஆற்றில் அது இல்லை என்றே அவளுடைய துறைத்தலைவர் எழுதிவிட்டார். நான் வந்த அன்றும் அக்கா அதைத் தேடித்தான் ஆற்றில் நின்றிருந்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் மாமாவின் இறால் பறியில் ஒன்று மூழ்கிச் செத்துக் கிடந்தது. மாமா அதைத் தூக்கவில்லை. அக்காவுக்கு ஆள் அனுப்பினார். எங்கள் குடும்பத்துக்கு ஒரு விலக்கு உண்டு. அந்த ஆற்றில் மூழ்கிச் செத்த எதையும் கரையேற்ற மாட்டோம். முப்பாட்டன் ஒருவரை ஆறு கொண்டுபோய்த் திருப்பித் தரவில்லை. அதனால் அதில் சாவதெல்லாம் அவருக்கு.

ஒரே ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்று அக்கா கெஞ்சினாள்.

"வெள்ளத்துல போன மாட்டையே எடுக்காதவங்க நாம. உனக்காக எலிய எடுக்கவா?" என்றார் மாமா.

பையில் போட்டுக்கொண்டு போய்விடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நான் காதில் சொன்னேன். எத்தனையோ எல்லைகளைத் தாண்டி வந்தவள் நான்.

"அவருக்குத் தெரியும்டி," என்றாள் அக்கா, ஆற்றைப் பார்த்தபடி.

பிறகு குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"கரையேத்தக் கூடாது. அவ்வளவுதானே மாமா?"

"அவ்வளவுதான்."

"நான் இறங்கலாம்ல?"

மாமா தாடையைச் சொறிந்தார். உயிரோடு இருப்பவர்கள் இறங்கக் கூடாது என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. ஒரு வாய் சாராயத்தை ஆற்றில் ஊற்றி, இந்தப் பொண்ணு பார்க்க மட்டும்தான் வருகிறாள் என்று முப்பாட்டனிடம் சொன்னார்.

அன்று முழுக்க அக்கா தண்ணீரில் நின்று அந்த உடம்பைப் பார்த்தாள். பின்பாதத்தை விரித்து வெயிலுக்குக் காட்டினாள். விரல்களுக்கிடையே இருந்த தோல் இலைபோல ஒளி விட்டது. பிறகு அதைப் பறிக்குள் வைத்து, வாயைக் கட்டி, கல்லுக்கடியில் செருகினாள். மிச்ச வேலையை இறால்கள் பார்த்துக்கொண்டன. இத்தனை நாள் அவற்றைத் தின்றவனை இப்போது அவை தின்றன. துணி துவைக்க வரும் பெண்கள், "மாப்பிள்ளை இன்னும் தோலோடதான் இருக்காரா?" என்று அக்காவை விசாரிப்பார்கள்.

கடைசியில் எலும்புகள் வெண்மையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் நீருக்குள்ளேயே வைத்து அளந்தாள். பின்பாதம் நீண்டு துடுப்பாகியிருந்தது. முன்கை மட்டும் மாறாமல் இன்னும் காட்டிலேயே இருந்தது. ஆறு பின்காலிலிருந்துதான் தொடங்கியிருந்தது. குளிரில் உதடு நீலமாகியும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

துறைத்தலைவர் தொலைபேசியில் ஒப்புக்கொள்ளவில்லை. அருங்காட்சியக அலமாரியில் இல்லாத எலும்பு சான்றாகாது என்றார். அவர் ஏற்காவிட்டால் அத்தனை நாள் குளிரில் நின்றதும் கனவு கண்டதுபோலத்தான்.

"அலமாரி இங்க இருக்கு ஐயா. நீங்கதான் வரணும்," என்றாள் அக்கா.

அவர் ஒரு பனிக்காலையில் வந்தார். பளபளக்கும் சப்பாத்தோடு கரையில் நின்று, எடுத்துக் கொடும்மா என்று கை நீட்டினார். யாரும் அசையவில்லை. அவர் மாமாவின் முகத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். அவருக்கும் ஒரு ஊர் உண்டு, அங்கேயும் ஏதாவது ஒன்று விலக்காகத்தான் இருக்கும். ஏன் என்று கேட்காமல் ஒரு கல்லில் உட்கார்ந்து சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

தண்ணீரில் இருவரும் குனிந்து நின்றது நெடுநேரம். பனியில் இரண்டு முதுகுகள் மட்டும் தெரிந்தன. ஒரு கட்டத்தில், "இருக்கு," என்று அவர் சொன்னது கரைவரை கேட்டது. அக்கா கை நிறையத் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள்.

இப்போதெல்லாம் மாமா பறியின் தலை நீருக்கு மேலே நிற்கும்படி கட்டுகிறார். உள்ளே விழுவது மூச்சுவிட்டபடி காத்திருக்கலாம்.

ஏன் என்று கேட்டேன்.

"உசுரோட வந்தா கரையேத்தலாம்ல," என்றார்.