நாலு கைக் கோட்டு

அந்தப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர் வகுப்பென்றால் பிள்ளைகளுக்குப் பயமும் கிடையாது, தூக்கமும் வராது. எதையும் கண்ணெதிரே காட்டாமல் விடமாட்டார். அவருக்கு இருந்த ஒரே தீராத தலைவலி, கார்பனுக்கு எத்தனை கை, அதாவது எத்தனை பிணைப்பு, என்பதுதான். நாலு, நாலு என்று வாய் வலிக்கச் சொல்வார்; பரீட்சையில் பாதிப் பேர் ஐந்து போட்டு வைப்பார்கள். மூன்றைப் போட்டுவிட்டு, ‘ஒரு கையை மடக்கி வைத்திருக்கிறது’ என்று விளக்கம் எழுதியவனும் உண்டு.

அறிவியல் விழா வந்தது. இந்தத் தடவை ஆட்களையே நிறுத்தி மெத்தில் தொகுதியைக் காட்டிவிடுவது என்று டீச்சர் முடிவு கட்டினார். நடுவில் ஒரு கார்பன். அதன் மூன்று கைகளைப் பிடித்துக்கொண்டு மூன்று ஹைட்ரஜன்கள். நாலாவது கை காலி. அதை யார் வந்து பிடிக்கிறார்களோ, அதைப் பொறுத்துக் குணமே மாறிவிடும். கார்பன் வாட்டசாட்டமாக இருக்க வேண்டுமென்று விளையாட்டு வாத்தியாரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார். ஆனால் அவருக்கும் கை இரண்டுதான்.

டீச்சரின் வீட்டுக்காரர் தையல்காரர். விஷயத்தைக் கேட்டதும் மிஷினை நிறுத்திவிட்டு மனைவியை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாலு கை வெச்சு யாருக்கும்மா தைக்கணும்?”

“கார்பனுக்குங்க.”

“சரி. அளவு யாருது?”

விளையாட்டு வாத்தியார் அளவு என்றதும், துணி கொஞ்சம் அதிகமாகும் என்று மட்டும் சொன்னார். கூடுதல் கைகள் இரண்டிலும் பஞ்சைத் திணித்து, நுனியில் கையுறை வைத்து, கறுப்புக் கோட்டு ஒன்று தயாராகிவிட்டது.

நாலாவது கையைப் பிடிக்க, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ‘ஓ.ஹெச்.’ என்று அட்டை மாட்டிய ஒரு மாணவி வருவதாக ஏற்பாடு. விழாவன்று பார்த்து அவளுக்குக் காய்ச்சல். மேடையில் ஹைட்ரஜன்கள் மூன்றும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொள்ள, மிச்சமிருந்த பஞ்சுக் கை அநாதையாகத் தொங்கியது. டீச்சர் மைக்கில் எதையோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தபோது, சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி மேடையேறினார். விளையாட்டு வாத்தியாரைப் பாராட்டக் கை நீட்டியவர், காலியாக இருந்த அந்தக் கையையே பிடித்துக் குலுக்கினார். அது மெத்தென்று இருக்கவே திகைத்துப்போய், விடவும் தோன்றாமல் நின்றார்.

கூட்டம் சிரித்தது. டீச்சருக்கு வந்ததே துணிச்சல்! ஓ.ஹெச். அட்டையை எடுத்து அதிகாரியின் கழுத்தில் மாட்டிவிட்டார்.

“இப்ப நாங்க என்னம்மா ஆனோம்?” என்றார் அதிகாரி.

“மெத்தனால், சார்.”

“நல்ல பொருள்தானே?”

டீச்சருக்குப் பாடத்தில் பொய் சொல்ல வராது. “குடிச்சா கண்ணு போயிடும் சார். உயிரும் போகலாம்.”

தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரிதான் முதலில் சிரித்தார். ஃபோட்டோ எடுத்து முடிக்கும்வரை பஞ்சுக் கையை விடவே இல்லை.

விழா முடிந்ததும் தலைமையாசிரியை அறைக்குக் கூப்பிட்டு, விருந்தாளியை விஷம் என்று சொல்வார்களா என்று பிடிபிடியென்று பிடித்தார். டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார், வந்த சிரிப்பை மறைக்க.

அந்த வருடப் பரீட்சையில் ஐந்து கைக் கார்பன் ஒன்றுகூட வரவில்லை. ஒரு மாணவி மட்டும் தன் நாலு கைக் கார்பனுக்கு விளையாட்டு வாத்தியாரின் மீசையையும் வரைந்திருந்தாள். முழு மதிப்பெண் போட்டுவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் ‘மீசை பாடத்தில் இல்லை’ என்று எழுதினார் டீச்சர்.