அத்தான் ஆடிய மங்கோலிய இளவரசன்

பழைய கம்பளிக் கோட்டின் கழுத்துப்பட்டையை வெட்டி அத்தான் தைத்த தொப்பிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் அகதிகளாய் வந்து சேர்ந்த இந்த நகரத்தின் கால்சாப் பகுதியில் அவர் பராமரித்த வயதான வெள்ளைக்காரச் சிஞ்ஞோரா, இறந்துபோன கணவரின் கோட்டைக் கொடுத்தாள். கணவர் சொல்லிவந்த சரித்திரக் கதை ஒன்றையும் சொன்னாள்.

சீனப் பேரரசனின் படையில் தளபதியாயிருந்த ஒரு மங்கோலிய இளவரசனின் கதை அது. தன் இனத்துப் பிரபு ஒருவனுக்குப் பேரரசன் மரணதண்டனை விதித்ததும், இளவரசன் படையோடு காவலரணை விட்டு வெளியேறினான். சேர்ந்து எழுவோம் என்று மற்ற இளவரசர்கள் வாக்குக் கொடுத்திருந்தார்கள். பேரரசன் அவர்களுக்குப் பட்டும் பட்டமும் அனுப்பினான்; ஒவ்வொருவராக வீட்டோடு தங்கிவிட்டார்கள். பனிக்காலத்தில் தனித்துப்போனவனைப் பிடித்து, பீக்கிங்குக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள்.

மன்னாரில் கூத்தாடி வளர்ந்த அத்தான் இதைக் கூத்தாக எழுதினார். இளவரசன் வேடம் அவருக்கே; தொப்பியும் அதற்குத்தான். வாக்குக் கொடுக்கும் தோழனின் வேடத்தைத் தன் உயிர்ச் சிநேகிதருக்குக் கொடுத்தார். நாங்கள் அண்ணை என்று கூப்பிடும் அந்தச் சிநேகிதர் இங்கே வரும் வழியில் எல்லை கடக்கும்போது காய்ச்சலில் விழ, அத்தான்தான் முதுகில் சுமந்து வந்தார்.

ஒத்திகை நடக்கும்போதே ஒரு கதை பரவியது: கூத்தில் வரும் பேரரசன் இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர்தானாம். எங்களில் பலருக்கு வேலை எடுத்துக் கொடுத்தவர் அவர். அவரை எதிர்த்துக் கதைத்தவர் அத்தான் ஒருவர்தான்.

“ஆர் என்ன சொன்னாலும் நான் வாறன்ரா,” என்று அண்ணை கையிலடித்துச் சொன்னார்.

கூத்தன்று போர்கோ வெக்கியோ பகுதியில் கோயில் மண்டபம் நிறைந்திருந்தது. திரை இழுப்பது என் வேலை. அண்ணையைக் காணவில்லை. “வழியிலை நிப்பான். தொடங்குவம்,” என்றார் அத்தான்.

சத்தியம் செய்யும் காட்சி வந்தது. இளவரசன் பாடி முடித்துக் கையை நீட்ட, தோழன் வந்து பற்ற வேண்டும். அத்தான் கையை நீட்டினார். அப்போதுதான் நானும் கண்டேன்: முன்வரிசையில், தலைவருக்குப் பக்கத்தில், டை கட்டிக்கொண்டு அண்ணை இருந்தார்.

அத்தான் அந்தப் பாட்டை மறுபடி பாடினார். அண்ணையைப் பார்த்தே பாடினார். நீட்டிய கையை இறக்கவில்லை. சனம் அதைக் கூத்தென்று நினைத்துக் கைதட்டியது. அண்ணையும் தட்டினார். நான் திரையை இழுத்து மூடினேன். கூத்து பீக்கிங் வரை போகத் தேவையிருக்கவில்லை.

“அவனும் தட்டினவனோ?”

“ஓம் அத்தான்.”

அவர் தொப்பியைக் கழற்றினார். அந்த வருடமே அக்காவையும் கூட்டிக்கொண்டு இந்த நாட்டின் வடக்குப் பக்கம் போய்விட்டார்.

போன மாதம் பகேரியா போகும் பஸ்ஸுக்கு நின்றபோது அண்ணையைக் கண்டேன். தலை முழுக்க நரைத்திருந்தது.

“உன்ரை அத்தான் அண்டைக்கு என்ன மாதிரி நடிச்சவன்! இப்பவும் கண்ணுக்கை நிக்குது.”

“அவர் நடிக்கேல்லை அண்ணை. நீங்கள் எழும்பி வருவியள் எண்டு பாத்துக்கொண்டு நிண்டவர்.”

பஸ் வர நேரமிருந்தது. அவர் என்னிடமிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.