லீலா தட்டின எறால் பெட்டி

இல்லட்டீ செலின், நான் ஒண்ணும் கூட்டிச் சொல்லல்ல. எறால் கம்பெனி வேலையிண்ணா பாதி நாள் ஐஸோட சண்டை, மீதி நாள் விரல் இருக்கா போச்சாண்ணு கிள்ளிப் பாக்கது. நீ எதுத்த வீட்டுக்காரி, கம்ப்யூட்டர் படிச்சவ. உள்ள ஆள் மாட்டுனதை ஒரு பெட்டி எங்ஙன வெளிய சொல்லும்ணு கேக்கியே, அதுக்குத்தான் சொல்லுகேன். நாத்தம் போக எலுமிச்சந்தோலைக் கையில தேச்சுட்டு பஸ்ஸுல ஓரமா நிண்ண அக்காமாரும் கேளுங்க, உங்க பாடுதான் எனக்கும். அந்தப் பெட்டி மட்டும் சொல்லாம இருந்தா எங்க லீலா அண்ணைக்கே ஐஸோட ஐஸாப் போயிருப்பா.

மூணும் சேந்தா மணி

குளச்சலுக்குப் பக்கத்துல கம்பெனி. ரெண்டாயிரம் பிறந்து ஏழெட்டு வருசம் போயிருக்கும். எறால் உரிக்க பொம்பளையளுக்கு நான்தான் சூப்பர்வைசர். ஜஸ்டின்ணு ஒரு இன்ஜினியர் தம்பி வந்தான். குலசேகரத்துக்காரன், ரப்பர் தோட்டத்து வீடு, மீன் மண்டையத் திங்கத் தெரியாது. நான் முள்ளெடுத்துக் குடுத்துப் பழக்குனது தனிக் கதை, பொறவு சொல்லுகேன்.

அவன் பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒண்ணா ஒரு சின்ன சில்லு ஒட்டுனான். எங்க கழுத்துல ஒரு அட்டை. குளிர் ரூம் கதவுக்கு உள்ளயும் வெளியயும், லாரி நிக்க இடத்துல, கேட்டுல எல்லாம் காது மாதிரி ஒரு மிஷின். தொட வேண்டாம், காட்டவும் வேண்டாம். பக்கத்துல போனாலே ரேடியோ மாதிரி அதுக்குக் கேக்கும், யாரு, எந்தப் பெட்டிண்ணு. பெட்டி குளிர் ரூமை விட்டு வந்தா அது ஒண்ணுமில்ல. லாரி வரல்ல, அதுவும் ஒண்ணுமில்ல. நேரம் போகு, அதுவும் ஒண்ணுமில்ல. மூணும் சேந்தா எறால் வெயில்ல கெடக்குண்ணு கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கிட்டு மணியடிக்கும்ணு சொன்னான்.

எங்க கூட்டத்துல வாய் நீளமானவ லீலா. அவ சொன்னா: “இது எங்க மாமியாருக்கு முன்னமே தெரியும் தம்பி. அடுப்புல பாலு, நான் பக்கத்து வீட்டுல, ரெண்டும் சேந்தா அவியளே மணியடிப்பாவ.”

மாதா கையில அட்டை

கேட்டுக்குப் பக்கத்துல மாதா கெபி, குகை மாதிரி கட்டி மாதா சிலை வச்சது, உண்டு. மத்தியானம் மூவேளை செபம் சொல்லாம நாங்க சோத்துப் பாத்திரத்தைத் திறக்கமாட்டோம். புதுசா எது வாங்குனாலும் மாதாகிட்ட வச்சு எடுக்கது எங்க வழக்கம். எங்க நாத்தனார் மகன் பைக்கையே கெபிக்கு மேல ஏத்தப் பாத்தான், பங்குச் சாமியார் விடல்ல. அது கெடக்கட்டு. அட்டை புதுசில்லியா, எல்லாரும் கழட்டி மாதா கையில மாட்டிட்டு முட்டுப் போட்டோம்.

கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்? ஷெட்டுல ஒரு ஆளில்ல, எல்லாரும் கேட்டுல, பெட்டி வெளிய. மணி நிக்காம அடிக்கு. வேலைநிறுத்தம்ணு நெனச்சு மேனேஜர் காதர் சார் செருப்பில்லாம ஓடி வந்தாவ. நாங்க பாதி செபத்துல இருக்கோம், எந்திரிக்க முடியாது. அவிய நல்ல மனுசன், முடியிற வரைக்கும் ஓரமா ஒதுங்கி நிண்ணு, பொறவுதான் கேட்டாவ.

அண்ணைக்கே எல்லாரும் அட்டையத் திருப்பி எடுத்துட்டோம். லீலா மட்டும் எடுக்கல்ல. வந்ததும் மாதா கையில மாட்டுவா, சாயங்காலம் எடுப்பா. நான் சத்தம் போட்டா ஒரே பதில்: “நான் கக்கூசுக்குப் போறது மாதாவுக்குத் தெரிஞ்சா போதும்க்கா, கம்ப்யூட்டருக்கு எதுக்கு?”

வாசலுக்கு வந்து வந்து போன பெட்டி

ஒருநாள் சாயங்காலம் லாரி புறப்படப் போகு, ஒரு பெட்டி குறையு. லீலா ஒருத்திட்டயும் சொல்லாம எடுக்கப் போனா. குளிர் ரூம் கதவு தானா அடைஞ்சு, உள்பக்கத்துக் கைப்பிடி ஐஸுல இறுகிப்போச்சு. வெளிய மோட்டார் இரைச்சல், கத்துனா யாருக்குக் கேக்கும்? ஆளக் காணல்லியேண்ணு நான் கம்ப்யூட்டர்ல பாத்தேன். லீலா கெபியிலண்ணு காட்டு. அட்டைதான் அங்ஙன தொங்குகுண்ணு அந்த அவசரத்துல எனக்குத் தோணல்ல, என்ன வேண்டுதலோ, முடிச்சுட்டு வரட்டும்ணு விட்டுட்டேன்.

அப்பம் மணி அடிச்சுது. ஒரே பெட்டி குளிர் ரூம் வாசலுக்கு வருகு, போகு, திரும்ப வருகு, லாரிக்கு மட்டும் வந்து சேரல்ல. கதவைத் திறந்து போட்டு, பெட்டியக் கையில வச்சுட்டுக் கதை பேசுகவளைப் பிடிக்கதுக்குண்ணே ஜஸ்டின் அப்படி ஒரு மணி வச்சிருந்தான். யாரோ வாசல்ல வம்பு பேசுகா, போய் விரட்டுங்கண்ணு என்கிட்ட சொன்னான். நானும் வாயில ரெண்டு வார்த்தையைத் தயாரா வச்சுட்டுத்தான் போனேன்.

போனா கதவு அடைஞ்சு கெடக்கு. அடைச்ச கதவுக்கு உள்ள நிண்ணு எவ கதை பேசுவா? இழுத்துப் பாத்தேன், வெளிப்பக்கமும் ஐஸுல இறுகிக் கெடக்கு. நான் கூப்பிட்ட சத்தத்துல லோடு ஏத்துகவனெல்லாம் வந்து கம்பியப் போட்டு நெம்புனானுவ. உள்ள லீலா, உதடெல்லாம் நீலம். எறால் பெட்டிய ரெண்டு கையிலயும் பிடிச்சிருக்கா. அதை வச்சுத்தான் கதவுல ஓங்கி ஓங்கி இடிச்சிருக்கா. அவ இடிச்சது எங்க ஒருத்தி காதுலயும் விழல்ல, அந்த மிஷின் காதுக்குப் பெட்டி வந்து வந்து போனது கேட்டிருக்கு.

போத்திப் படுக்க வச்சோம். காதர் சார் தன் கையாலயே பாலில்லாத கட்டங்காப்பி கொண்டு வந்தாவ. ஜஸ்டின் தரையில கெடந்த ஐஸ் தண்ணியில அப்படியே உக்காந்துட்டான், கண்ணெல்லாம் வடியு. லீலாவுக்கு வாய் திரும்பினதும் அவனைப் பாத்துத்தான் முதல் பேச்சு: “கதை பேசுகவளுக்கு வச்ச மணிதானே தம்பி என்னை வெளிய எடுத்துச்சு? இனி எங்க வாயை ஒருத்தனும் குறை சொல்லாண்டாம்.”

மறுநாளே உள்ள இருந்து தள்ளுனா திறக்க மாதிரி காதர் சார் கதவை மாத்துனாவ, ஜஸ்டின் கல்யாணத்துக்கு நாங்க ஒரு வேன் பிடிச்சுக் குலசேகரம் போனோம், லீலா அட்டையைக் கழுத்துல போட்டுட்டே வந்தா. நீ நம்பினாலும் சரி, நம்பாட்டாலும் சரி செலின், ராத்திரி செபத்துல மாதாவுக்கு நண்ணி சொல்லி முடிச்சதும் அந்தப் பாழாப்போன மணிக்கும் ஒரு நண்ணி சொல்லாம எனக்கு உறக்கம் வராது.

ஏட்டி லீலா, மழை வருகு, முற்றத்துல கெடக்க கருவாட்டை உள்ள கொண்டா. வரும்போ கதவை அடைச்சிராத.